வாயில் புகுந்த தேறல்

சாடிக்காரி சேந்தியின் உயிருக்கு, கரும்பனைத்துறையில் இன்று காலை நிலவரப்படி, விலை எண்பத்தொரு வாய் எச்சில். உயிர் விலைமதிப்பற்றது என்று பாடிப் பரிசில் பெற்றுப் போனவர் இந்நாட்டில் பலர். ஆயினும் விலை குறித்தாயிற்று, நாளும் குறித்தாயிற்று. அவ்விலையைக் குறைத்துக் கேட்கவே இவ்வோலை.

வேங்கைமலை முடி முதல் கீழ்கடல் அலை வரை ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், ஆறு ஆறுகளுக்கு அணை கட்டி ஏழாவது ஆற்றைத் தேடிக்கொண்டிருப்பவரும், பகைவர்க்குக் கோடையும் இரவலர்க்குக் கார்காலமும் அடியேனுக்கு ஆண்டுக்கொருமுறை ஊதியமுமாய் விளங்குபவருமாகிய வேங்கைக்கோ அரிமணியார் திருவடிகளுக்கு, கரும்பனைத்துறையில் சுங்கம் பெறும் உல்கு நாயகம் நன்னியக்கன் தெண்டனிட்டுச் செய்யும் விண்ணப்பம். மலையரண்மனையில் தென்றல் இனிது வீசுக. பட்டத்து யானை மதம் தணிக. பெருந்தேவியாரின் பல்வலி நீங்குக. துறைமுகத்து உப்புக் குவியல்களை மட்டும் விலக்கி நாடெங்கும் மழை பொழிக.

கடந்த நிறைமதிக்கு மறுநாள் மேல்கடல் தீவுகளிலிருந்து மரக்கலம் ஒன்று நம் துறை சேர்ந்தது. அதில் சரக்கு ஒரு மூட்டையும் இல்லை, ஏழு மனிதர் மட்டுமே இருந்தனர். கொணர்ந்தது யாதென உல்குச் சாவடியில் வினவியபோது, அவர்தம் தலைவர் மெலந்தோசு என்பவர், தாம் ஏழு மூக்கும் ஏழு நாக்கும் கொணர்ந்திருப்பதாகவும், இத்துறையின் தேறலைச் சுவைத்துத் தேர்ந்து, நன்றெனக் கண்டால் நானூறு சாடி கொள்ளக் கருதுவதாகவும் நம் மொழியிலேயே விடையிறுத்தார். நாக்குக்கு எவ்வளவு சுங்கம் என்று அட்டவணை முழுதும் தேடினேன். குறிப்பு ஏதுமில்லை. தராசுத் தட்டுகளுக்கு இடையே தவழ்ந்து, பேரம் படிந்த பின்னரே பால் குடித்து வளர்ந்த அடியேன், வாழ்நாளில் முதன்முறையாக ஒன்றும் பெறாமல் எழுவரைக் கரையேற்றினேன்.

துறைத்தேறல் தேவரீர் அறியாததன்று. எனினும் ஓலையில் ஏறாதது வழக்கில் ஏறாது என்பதால் எழுதுகிறேன். மலைச்சரிவுக் கொடிமுந்திரியின் சாறு கடல்வழியில் புளித்துப் போகாதிருக்கப் பனஞ்சாராயம் சேர்த்து, அரக்கிட்டு மூடி, துறைமுக மணலில் கழுத்தளவு புதைத்துப் பன்னிரண்டு மழைக்காலம் காத்து எடுப்பது அது. எந்தச் சாடி எந்த ஆண்டினது, எதன்மேல் எந்தக் கப்பலின் நங்கூரக்கயிறு உரசிற்று என்பதெல்லாம் சேந்தி ஒருத்தி மனத்தில் மட்டுமே உள்ளது. எழுதிவைக்குமாறு இருமுறை பணித்தேன். எழுதிவைத்தால் தன்னை யார் தேடுவார் என்று இருமுறையும் கேட்டாள். வணிகர் குலத்தில் பிறந்திருக்க வேண்டியவள்.

விருந்தை அமைக்கும் பொறுப்பை அடியேன் கோட்டைக் காவல் ஏனாதி கொடுமுடியாரோடு பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. அன்னார் வாளை உறையிலிருந்து உருவ ஒரு காரணம் வேண்டி முப்பது ஆண்டுகளாகக் காத்திருக்கும் வீரர். இத்துறையில் போர் மூளாதது அவர் குற்றமன்று. அயல்நாட்டு விருந்தினர்க்கு உரிய முறை என்று அவர் மல்லிகை மாலை எழுபதும், அரைத்த சந்தனம் இரு குடமும், அகிற்புகைத் தூபம் பதினெட்டும், முரசு நாற்பதும் மண்டபத்தில் நிறைத்தார். வந்த எழுவரோ மாலையைக் கழற்றச் சொன்னார்கள், தூபத்தை அணைக்கச் சொன்னார்கள், முரசை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மணமும் ஒலியும் தம் மூக்கையும் நாவையும் மயக்கும் என்பது அவர்கள் கூறிய காரணம். பின்னர்த் தேறலின் நிறம் பார்க்கவென்று நீண்ட வெள்ளைத் துணி ஒன்றை விரித்தார்கள். பிணத்துக்குப் போர்த்தும் கோடித்துணி போன்றிருந்த அதைக் கண்டபோதே ஏனாதியார் கை உறைவாளைத் தடவியதை அடியேன் கண்டேன். கண்டும் வாளாவிருந்தது என் பிழை.

சேந்தி பன்னிரண்டு சாடிகளைத் திறந்து, எழுவர்க்கும் சாடிக்கு ஒரு மிடறாக ஊற்றினாள். அவர்கள் கிண்ணத்தைச் சுழற்றினர். மூக்கை உள்ளே விட்டனர். பிறகு ஒரு மிடறு வாயிற்கொண்டு, கூரைப்புறாக்கள் அஞ்சிப் பறக்கும்படி கொப்புளித்து, மங்கலமாக மண்டப வாயிலில் வைத்திருந்த நிறைகுடத்தில் உமிழ்ந்தனர். மாவிலையும் தாமரையும் செருகிய குடம் அது.

ஏனாதியார், அரசர் ஈந்த பானத்தை உமிழக் காரணம் யாது, அதில் நஞ்சு உண்டோ என வினவினார். மெலந்தோசு நகைத்து, நல்ல தேறலைத் தாங்கள் உமிழ்வதே வழக்கம், விழுங்கினால் நான்காம் சாடிக்கு மேல் நா மயங்கும் என்றார். அவ்வாறாயின் தீய தேறலை என்செய்வீர் என்றார் ஏனாதியார். அதையும் உமிழ்வோம் என்றார் மெலந்தோசு. இரண்டையும் உமிழ்ந்தால் வேறுபாடு அறிவது எங்ஙனம் என்றதற்கு, முகத்தைப் பார்த்தறிக என்றார். ஏனாதியார் எழுவர் முகத்தையும் பார்த்தார். கொப்புளித்த களைப்பைத் தவிர அவற்றில் ஒன்றும் தெரியவில்லை.

அதன்பின் நேர்ந்ததுதான் வழக்கை முற்றவைத்தது. எழுவரும் ஒவ்வொரு சாடியின் சுவையையும் தம் ஏட்டில் பொறித்துவந்தனர். அதனைப் படித்துச் சொல்லுமாறு ஏனாதியார் வற்புறுத்த, மெலந்தோசு பெருமையோடு படித்தார். முதற்சாடியில் கனிந்த நாவற்பழமும் கப்பற்கீலும். மூன்றாம் சாடியில் நெடுநாள் திறவாத மரப்பேழை. ஐந்தாம் சாடியில் மழையில் நனைந்த குதிரைச் சேணம்.

சேணம் கலந்தமை வாக்குமூலமாகவே வெளிப்பட்டது என்று ஏனாதியார் அறிவித்து, ஐந்தாம் சாடியை முற்றத்தில் கவிழ்த்துத் தேடினார். பன்னிரண்டு ஆண்டுத் தேறல் மணலில் இறங்கிற்று. சேணம் அகப்படவில்லை. அப்போது சேந்தி சொன்னதை, சபையோர் செவிப்பட்டது என்பதால், ஒரு சொல்லும் மாற்றாது எழுதுகிறேன்: “அய்யா, அந்தச் சாடி வாய் என் கை நுழையுற அகலந்தான். அதுக்குள்ள சேணம் போவுமான்னு நீங்களே போட்டுப் பாருங்க. போச்சுன்னா பின்னாலயே குதிரையையும் நான் போட்டுக் காட்டுறேன்.”

ஏனாதியார் தம் குதிரையின் சேணத்தையே வருவித்துப் போட்டுப் பார்த்தார். நுழையவில்லை. ஆகவே அது துண்டு துண்டாக அறுத்தே போடப்பட்டது என்றும், அறுத்துப் போட்டமையால் குற்றம் முன்கூட்டியே எண்ணிச் செய்யப்பட்டது என்றும் தெளிந்து, சேந்தியைச் சிறைக்கோட்டத்தில் அடைத்தார்.

தண்டனைக்கு அவர் காட்டிய ஆதாரம் தேவரீர் பாட்டனார் பொறித்த ஓலை. அதன் வாசகம் இது: கோமுறைப் பொருள் வாயில் புகுந்து மீளின், மீளவிட்ட காப்பாளர் உயிரிழக்கக் கடவர். அரசுக்குரிய சரக்கு துறைமுக நுழைவாயிலுள் வந்தபின் கள்ளத்தனமாய் வெளியேறக் கூடாது என்பதே இதன் கருத்து என்றும், இது எம் உல்குச் சுவடிக்கட்டில் கோத்த ஓலை என்றும் அடியேன் விளக்கினேன். வாயில் என்றால் வாயின் உள்ளே, இது சிறுபிள்ளையும் அறிந்ததே என்றார் ஏனாதியார். பாட்டனார் நுழைவாயிலைக் கருதியிருந்தால் கதவு என்றே எழுதியிருப்பார் என்றும் சொன்னார். இவ்வோலைக்கு முந்தியது உப்பு மூட்டையைப் பற்றியது, பிந்தியது ஆட்டுமந்தையைப் பற்றியது, நடுவில் நிற்பது மட்டும் எச்சிலைப் பற்றியதாகுமோ என்று கேட்டேன். உப்பும் ஆடும் வாயில் புகுவனவே அல்லவா என்றார்.

நிகண்டு வல்ல புலவரை அழைத்தோம். வாயில் என்பதற்கு இரு பொருளும் பொருந்தும் என்று கூறி இரு பொருளுக்கும் தனித்தனியே பரிசில் கேட்டார். ஏனாதியார் தம் பொருளே நாட்டின் பொருள் என்று பறையறைவித்துவிட்டார். அன்று முதல் துறையில் நிகழ்வதைத் தேவரீர் அறிய வேண்டும். உப்பு அரசுக்குரியது ஆகையால், உப்பு மிகுந்த குழம்பை எவனேனும் துப்பினால் தம் தலை போகுமென்று உப்பளக் காப்பாளர் வீடு வீடாகச் சென்று கெஞ்சுகிறார். வாந்திமருந்து தரும் மருத்துவர் கடையடைத்தார். கடல் ஒவ்வாத மாலுமிகள் கரையிறங்க அஞ்சிக் கப்பலிலேயே கிடக்கின்றனர். மெலந்தோசு கண்ணீர் மல்க வந்து, உமிழ்ந்ததைக் குடத்திலிருந்தே எடுத்து விழுங்கிவிடுவதாகவும், அதனால் அப்பெண்ணை விடுமாறும் வேண்டினார். ஒரே மிடறு இருமுறை வாயில் புகுவது இரட்டைக் குற்றமாகும் என்று ஏனாதியார் மறுத்தார். வருகிற திங்கட்கிழமை நண்பகல் என்று நாளும் குறித்துவிட்டார். துறையில் வாளுக்கு எண்ணெய் பூசும் மணம் வீசுகிறது. இந்த மணத்தை மட்டும் அயல்நாட்டார் ஏட்டில் எழுதவில்லை.

அடியேன் சிறைக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்டு ஓலை எழுதுவாள் என்று எழுத்தாணியும் கொண்டுபோனேன். அவளோ வேறொன்று கேட்டாள்: “தலை போவுதுன்னா போவட்டும் நாயகமய்யா. பன்னெண்டாவது சாடியையும் துப்புனாங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

பன்னிரண்டாவதை நால்வர் உமிழ்ந்தனர் என்றும், மெலந்தோசு கிண்ணத்தை வாயில் வைத்தவர் நெடுநேரம் கண்மூடியிருந்து, தம் குலவழக்கத்தை மறந்து விழுங்கிவிட்டு நாணித் தலைகவிழ்ந்தார் என்றும், அதைக் கண்டு வேறிருவரும் விழுங்கினர் என்றும் உள்ளதை உள்ளவாறு சொன்னேன். அவள் மூன்று விரலை மடக்கி எண்ணினாள். பின்னர், “மூணு பேரா. அப்ப மத்த நாலு பேருக்கும் நாக்கு சரியில்ல,” என்றாள்.

இப்படிப்பட்ட நாவையும் நினைவையும் ஒருசேர வெட்டி வீழ்த்தியபின் நானூறு சாடியில் எது எது என்று யாரைக் கேட்பது? அயல்நாட்டார், அவள் கையால் ஊற்றினாலன்றி ஒரு சாடியும் கொள்ளோம் என்று கப்பலில் ஏறாமல் உட்கார்ந்திருக்கின்றனர். அதுவும் ஒருபுறம் இருக்கட்டும். கப்பல் போனால் வேறு கப்பல் வரும். குற்றமொன்றும் செய்யாத ஒருத்தி, ஓர் எழுத்தும் பிசகாத ஓலையால் சாகப்போகிறாள் என்பதை நினைத்தால் அடியேனுக்கு உணவு இறங்கவில்லை. இறங்காததை உமிழவும் அச்சமாயிருக்கிறது.

ஆகவே ஒன்று செய்தேன். அரசருக்கு ஓலை சுமந்து செல்பவரை, அரசரின் மறுவோலை கைக்கு வரும்வரை எவரும் தீண்டலாகாது என்பது இந்நாட்டு முறை. அதில் இரு பொருள் இல்லை என்று ஏனாதியாரே சபையில் வாய்விட்டு உறுதிசெய்தார். அடியேன் எதற்காகக் கேட்டேன் என்பதை அப்போது அவர் அறியார். ஓலைசுமப்போரை நியமிக்கும் உரிமை உல்கு நாயகத்துக்கே உரியது. அவ்வுரிமையால் சேந்தியை ஓலைசுமப்பவளாக நியமித்துச் சிறையிலிருந்து வெளிக்கொணர்ந்தேன்; எனவே இவ்வோலையை இப்போது தேவரீர் திருமுன் நீட்டி நிற்பவள் அவளே. அவள் இடுப்பில் இருப்பது பன்னிரண்டாம் சாடியில் எஞ்சிய தேறல். சுவைத்தருள்க. சுவைத்தால் விழுங்கியருள்க. இதுமட்டும் அடியேன் உயிரோடு கேட்கும் வரம்.

இனி, வாயில் என்பது நுழைவாயிலே என்று தேவரீர் தீர்ப்பளித்தால், ஏனாதியார் முப்பது ஆண்டுக் காத்திருப்பு வீணாகி, அன்னார் வாளோடு மலையேறி வந்து திருமுன் முறையிடுவார். அவர் முறையிடத் தொடங்கினால் மூன்று நாளாகும். வாயின் உள்ளே என்று தீர்ப்பளித்தாலோ நாட்டில் ஒருவரும் காறித் துப்ப இயலாது. எந்தத் தீர்ப்பும் தேவரீர் திருவுள்ளத்துக்கு அயர்ச்சியே தரும். ஆகையால் அடியேன் வேண்டுவது: இவ்வோலைக்கு மறுவோலை எழுதாதிருக்கவேண்டும். ஓர் எழுத்தும், ஒரு கோடும், ஒரு சுழியும் வேண்டா. மறுவோலை வராதவரை அவள் ஓலைசுமப்பவள். அவள்மேல் ஈயும் அமரலாகாது. அவள் துறைக்குத் திரும்பி, மறுமொழிக்குக் காத்திருப்பவளாகவே தன் சாடிகளைப் பார்த்துக்கொள்வாள்.

கலங்கரை விளக்கத்துக்கு எண்ணெய் கேட்டு அடியேன் விடுத்த ஓலைக்கு ஆறாண்டாகியும் மறுமொழி வந்திலது. அதற்காக அடியேன் மனத்துள் வருந்தியதுண்டு, ஒருமுறை வாய்விட்டு ஏசியதும் உண்டு. அந்த மௌனத்தின் அருமை இப்போதே விளங்கிற்று. பொறுத்தருள்க. அதே மௌனத்தை இவளுக்கும் ஈந்தருள்க.

இவ்வோலையைக் காணும் வழிக்காவலரும், ஓடக்காரரும், மலைச்சாவடியாரும், இவளை மறியாமலும் சாடியைத் திறந்து பாராமலும் போகவும் வரவும் விடக் கடவர். மீறினவர் ஏழு தலைமுறைக்கும் இரட்டைச் சுங்கம் செலுத்தக் கடவர். இது உல்கு நாயகத்தின் ஆணை. கோல் கோணாது, குடை சாயாது, எழுத்தாணி மட்டும் சற்றே ஓய்ந்திருக்குமாக. துலாக்கோல் முத்திரை அரக்கில் பதித்து விடுத்தேன்.

கணக்கு:
திறந்த சாடி பன்னிரண்டு.
ஊற்றிய மிடறு எண்பத்துநான்கு.
உமிழ்ந்தது எண்பத்தொன்று, விழுங்கியது மூன்று.
மணலுக்குப் போன சாடி ஒன்று.
அகப்பட்ட சேணம் இல்லை.
விடுத்த ஓலை ஒன்று.
வரவேண்டிய மறுவோலை ஒன்று, என்றும் நிலுவை.