தாழியூரில் முரசு முழங்காத காரணம்

மேகம் தங்கும் மலைமுகடு முதல் அலை ஓயாத கடற்கரை வரை ஒரே குடைநிழலில் காக்கும் பொன்வரை நாட்டு வேந்தர் கதிர்வேளார் திருவடிகளுக்கு, அவர் பாட்டனாருக்கும் தந்தையாருக்கும் அமைச்சனாயிருந்து, இன்னும் சாகாத காரணத்தால் அவருக்கும் அமைச்சனாயிருக்கும் நன்னாகன், தாழியூர் ஏரிக்கரையிலிருந்து வணங்கி எழுதும் ஓலை. கோட்டை நலமாகுக. தொட்டிலில் கிடக்கும் நாற்பது நாள் இளவரசர் நீடு வாழ்க. அவர் உறங்கும்போதாவது அரசரும் சற்று உறங்குக.

இளவரசர் பிறந்த அன்று நாடெங்கும் முரசு முழங்க, தாழியூர் மட்டும் முழக்காமல் அரசை அவமதித்தது என்று முரசதிகாரி முறையிட்டார். அவ்வூரின் மடையை அடைத்து ஏரிநீர் உரிமையைப் பறிப்பதா என்று நேரில் கண்டு தீர்ப்பளிக்குமாறு, கணையாழியைத் தந்து அடியேனை இந்த மார்கழிப் பனியில் அனுப்பினீர்கள். வந்தேன்.

ஊர் எல்லையிலேயே என் வண்டிமாடுகளின் கழுத்துமணிக்குள் வைக்கோலைத் திணித்தார்கள். ஏரிகாவலன் பொதியன் என்பவன் என் செருப்பைக் கழற்றச் சொன்னான். இருமல் வந்தால் மேலாடையைக் கடித்துக்கொள்ளவும் கட்டளையிட்டான். பறவைகள் வந்து தங்கும் மாதங்களில் இங்கே இதுதான் வழக்கமாம். அவன் பின்னே கோரைப்புல்லுக்குள் தவழ்ந்து போனேன். எழுபத்தெட்டு வயதில் தவழ்வது எளிது, எழுவதுதான் கடினம்.

பனி விலகியது. நீர் தெரியவில்லை, பறவைகளே தெரிந்தன. வடமலை கடந்து வந்த பட்டைத்தலை வாத்துகள், துடுப்பு போன்ற அலகால் சேற்றைத் துழாவும் கரண்டிவாயன்கள், சபையில் இடம் பிடித்தவர்கள் போல அசையாத நாரைகள். ஒரு கூழைக்கடா என் தலைப்பாகையை மீனென்று விழுங்கி, அல்லவென்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தது; என் பணியாளன் மடிப்பதைவிட நன்றாக மடித்திருந்தது. பிறகு ஒரு நாரை என் நரைமுடியை நாணல் என்று நம்பி இரண்டு நாழிகை தலைமேல் நின்றது. மூன்று அரசர்முன் அசையாமல் நின்று பழகியவனாதலால் தொல்லையில்லை. நான் பொய் சொல்வதில்லை என்பது அரசர் அறிந்ததே. முன்பு அவையில் நான் சொன்ன, முதலை மீது சவாரி செய்த செய்தி ஒன்றுதான் விலக்கு.

கரையேறியபின் முரசைப் பற்றிக் கேட்டேன்.

“ஒரு அடி அடிச்சா அத்தனையும் எழும்பிடும் சாமி. எழும்புனது திரும்ப வராது” என்றான் பொதியன்.

அவன் மனைவி நீலிக்கோ கோபம். “சும்மாவா இருந்தோம்? ராசா வீட்டுப் புள்ளைக்காக விடிஞ்சதுலேந்து பொழுது சாயற வரைக்கும் ஊரே வாயத் தொறக்கல. உலக்கை புடிக்கல. எங்க மாமியாளே பேசலைன்னா பாத்துக்குங்களேன்!”

அவர்களிடம் உள்ளவற்றில் பெரியது அந்த அமைதி. அதையே காணிக்கையாகத் தந்திருக்கிறார்கள். தந்தது காதில் விழாதாகையால் தரவில்லை என்று நாம் எண்ணிவிட்டோம். நம் அவையிலும் அமைதி உண்டு, வேந்தே. அது தலை போய்விடுமே என்று அஞ்சிய அமைதி. யாருக்கும் அஞ்சாமல், ஒரு பறவை எழுந்துவிடக் கூடாதே என்று ஓர் ஊர் மூச்சடக்குவதை இந்த வயதில்தான் கண்டேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்று கோட்டை முரசுகள் அதிர்ந்தபோது இளவரசர் வீறிட்டு அழுததும், அரசியார் தம் இரு கைகளாலும் அப்பிஞ்சுக் காதுகளைப் பொத்தியதும் தாங்கள் கண்டதே. அன்று இந்நாட்டில் அக்குழந்தை நிம்மதியாக உறங்கியிருக்கக்கூடிய ஊர் இது ஒன்றுதான்.

ஆகவே கணையாழியின் பெயரால் தீர்ப்பு: மடை திறந்தே இருக்கும்; ஏரிநீர் தாழியூருக்கும் அதில் இறங்கும் பறவைகளுக்கும் தலைமுறைதோறும் உரியது. இங்கே முழக்கவென்று என்னுடன் அனுப்பிய முரசின்மேல் நான் அமர்ந்திருக்கிறேன். பறவை பார்க்க நல்ல உயரம். தை பிறந்ததும் அரசரும் அரசியாரும் இளவரசரோடு வெறுங்காலுடன் எழுந்தருளுக. யானைமணிக்கு வைக்கோல் பொதியன் தருவான். முரசதிகாரியும் வரலாம், மேலாடையைக் கடித்துக்கொண்டு.

கொம்பூதாமல் இவ்வோலையைப் பிரித்துப் படிக்க. அரக்கில் கணையாழியை அழுத்தினேன்; ஒரு பறவையும் எழவில்லை.