கூரைமேல் ஒரு "கான்!"

அன்புள்ள மிசாவோவுக்கு,

அங்கே பனி ஜன்னலைத் தொட்டுவிட்டதா? உன் முழங்கால் வலி தேவலையா? டோக்கியோவின் ஆச்சரியச் சக்கரவர்த்தியாகிய உன் புருஷன் சௌக்கியம். தொலைக்காட்சிப் படப்பிடிப்பில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து நான் "ஏஏஏ!" என்று வியந்தால், ஃபூஜி மலையே ஓரடி தள்ளி உட்காரும். அதற்குத்தான் எனக்குக் கூலி.

நேற்று ஒரு வேடிக்கை. சும்மா கொடுத்தாலும் ஆள் வராத வீடுகளைத் திரையில் காட்டினார்கள். முதலில் வந்தது நம் தெரு. பூட்டிக் கிடக்கும் உன் அப்பா வீடு. கூரைமேல், படக்கதைகளில் மண்டையில் இடி விழுந்ததற்குப் போடுவதுபோல் "கான்!" என்று கொட்டை எழுத்தில் பதித்திருந்தார்கள். எல்லோரும் கத்தினார்கள். என்னிடமிருந்து வந்ததோ "ஷீன்", அதே படக்கதைகள் நிசப்தத்துக்குப் போடும் ஓசையே இல்லாத ஓசை.

மேற்பார்வையாளன் தோரு ஓடிவந்தான். "என்ன பெருசு, தூங்கிட்டியா? ஆச்சரியப்பட வரலேன்னா வாசல் அந்தப் பக்கம்!"

"அவ்வளவு ஆச்சரியம் தம்பி, தொண்டையே அடைச்சுப்போச்சு," என்றேன்.

மறுபடியும் எடுத்தார்கள். கத்தினேன்.

"இதான்யா ஆச்சரியம்!" என்று தோரு முதுகில் தட்டினான்.

கம்பளிக் காலுறை அனுப்பு. நீ ஊறப்போட்ட முள்ளங்கியும் கொஞ்சம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை இந்த நிகழ்ச்சி வருகிறது; அன்று மட்டும் தொலைக்காட்சியைப் போடாதே. எல்லோரையும்விட உரக்கக் கேட்பது என் குரல்தான்.

உன்
கென்சாகு