விஜிக்குப் பார்த்த மூன்று பாடங்கள்

திருத்தணி
ஆவணி, மூன்றாம் வெள்ளி

அன்புள்ள பாவாவுக்கு,

ரஞ்சிதம் எழுதுகிறேன். நானும் நம் பெண் விஜியும் சௌக்கியம். மஸ்கட் வெயிலில் உங்களுக்கும் ஒரு குறையும் வராமல் மலைமேல் இருக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும். இதை எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில்தான் அனுப்பப் போகிறேன். அதற்குப் போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு திட்டுங்கள்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. உங்கள் வேண்டுதல் காவடியை என் தம்பி எடுத்துவிட்டான். பின்கட்டு ஒழுகலையும் சரி செய்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கார்த்திகையில் லீவில் வந்ததும் விஜியைச் சென்னையில் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று போன வாரம் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டு எட்டு மாதம் ஆகிறது, பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு குட்டிச்சுவர் ஆக்குகிறேன் என்றீர்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை. பதில் கையில் இருக்கிறவளுக்குக் கோபம் எதற்கு?

தமிழும் கணக்கும் என்னால் சொல்லிக்கொடுக்க முடியும். ஏழாம் வகுப்பு விஞ்ஞானம் எனக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் ஆன்லைனில் தேடினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் அனீஸ், மூன்று பாடங்களைச் சும்மா பார்த்துக்கொள்ளும்படி என் போனில் போட்டுக்கொடுத்தான். வரன் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகக் குற்றம் குறை சொல்லிப் பார்த்தோம்.

முதலாவது வெளிநாட்டுப் பாடம். படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் முதல் சோதனைக்கே வாசலில் கொட்டிக் கிடக்கும் பனியை ஒரு கிண்ணத்தில் அள்ளி வரச் சொல்கிறார்கள். திருத்தணி வாசலில் அள்ளினால் செம்மண்தான் வரும். இரண்டாவதில் தினமும் காலை பத்து மணிக்கு ஒரு சார் நேரடியாக வந்து பாடம் நடத்துவார், கேள்வி கேட்பார், பிள்ளைகள் உடனே பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதில் கண்ணாடி போட்ட ஒரு டீச்சரும் ஒரு கரும்பலகையும்தான். எல்லாம் முன்பே பதிவு செய்த பாடம். வீட்டில் இருப்பதை வைத்துச் சோதனை செய்து, பார்த்ததைப் பிள்ளை தன் குரலில் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

விஜி மூன்றாவதைக் கேட்டாள். எதிரே நின்று கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தால்தான் படிப்பு ஏறும் என்று நான் பிடிவாதமாக இரண்டாவதில் சேர்த்தேன்.

தப்பு என்னுடையதுதான். நாங்கள் மூன்றையும் பார்த்தது மாதாந்திர கரண்ட் கட் நாளில். நம் வீட்டு விசைத்தறி நான்கும் நின்றிருந்தன. வகுப்பு தொடங்கியபோது பக்கத்து அறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போன் மாட்டிவிட்டால் போதும் என்று நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்த சார் போன் செய்தார். பெண் பதிலே சொல்வதில்லை, வாய் மட்டும் அசைகிறது, மைக்கை மாற்றுங்கள் என்றார். அனீஸ் வந்து பார்த்துவிட்டு, "மைக்கு நல்லாத்தான் கீதுக்கா. தறிதான் இரைஞ்சிகினு கீது, அத்த நிறுத்திட்டுப் பாருங்க" என்றான்.

மறுநாள் தறியை நிறுத்திவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். காற்றடித்தால் ஈரத்துணி ஏன் சீக்கிரம் காய்கிறது என்று சார் கேட்டார். துணியை ஒட்டி ஈரக்காற்று நிற்கிறது, அடிக்கிற காற்று அதைத் தள்ளிவிட்டுக் காய்ந்த காற்றைக் கொண்டுவருகிறது, அதனால் துணியில் இருக்கும் தண்ணீர் வேகமாகப் போகிறது என்று விஜி சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சார் என்னவென்றால், ஏம்மா பேச மாட்டேன் என்கிறாய் என்று மறுபடியும் கேட்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது பாவா. அவள் குரலே எழுப்பவில்லை. வெறும் உதடுதான் அசைந்தது. அவள் சொன்னதை நான் கண்ணால் படித்திருக்கிறேன்.

தறி ஓடும் வீட்டில் நாம் அப்படித்தானே பேசுகிறோம். நூல் அறுந்தது என்றோ, சாப்பிட வா என்றோ யார் கத்துகிறோம்? உதட்டை அசைத்தால் புரிந்துவிடும். தறிக்கு நடுவில் பேசக் கற்றவள் அவள். விளையாட்டில் ஊரையே கூட்டுகிறவள், யாராவது முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் தறிப்பேச்சுக்குப் போய்விடுகிறாள். அது அவளுக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. வாயைத் திறக்காதவள் என்று வெளியே நிறுத்தினார்கள். பிள்ளைகள் ஊமை என்று பேர் வைத்தார்கள். கடைசியில் புத்தகப் பையைப் பார்த்தாலே வாந்தி எடுத்தாள். நீங்களும் நானும் பயந்த சுபாவம் என்று முடிவு கட்டிவிட்டோம். பெற்றவளுக்கே தெரியவில்லையே என்று அழுதேன். ஒரு நாள்தான் அழுதேன்.

அடுத்த நாளே மூன்றாவது பாடத்துக்கு மாற்றிவிட்டேன். இப்போது காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நம் வீட்டில் தறி ஓடாது. துணி கொஞ்சம் குறைகிறது, குறையட்டும். நூல் கொடுக்கிறவரிடமும் சொல்லியாயிற்று. விஜி பேசிப் பதிவு செய்து, தானே கேட்டுப் பார்த்து, குரல் வரவில்லை என்றால் மறுபடி பேசுவாள். முதல் நாள் எட்டுத் தடவை பேசினாள். எட்டாவதைக் கேட்டுவிட்டு, "யம்மா, இது நானா?" என்றாள்.

போன வாரம் கஞ்சி போட்ட நூலையும் போடாத நூலையும் தொங்கவிட்டு, எது அதிகப் பாரம் தாங்குகிறது என்று சோதித்தாள். அதைப் பற்றி நான்கு நிமிடம் நிறுத்தாமல் பேசியிருக்கிறாள். இரண்டு தடவை கேட்டேன் என்று அந்த டீச்சர் பதில் அனுப்பினார். எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம் என்றும் விசாரித்து வைத்திருக்கிறேன். அவள் எழுதுவாள், பாருங்கள்.

அந்த நான்கு நிமிடப் பதிவை இதோடு அனுப்புகிறேன். நீங்கள் தங்கியிருக்கும் கேம்ப்பில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். பதில் சொல்லும்போது உங்கள் பெண்ணின் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் இப்போதுதான் தெரியப் போகிறது.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. நேற்றுக் காலை, தறி நின்றிருந்த நேரத்தில், நைனா வந்தால் என்னை அனுப்பிவிடுவாரா என்று கேட்டாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஹாஸ்டலில் அதை யார் படிப்பார்கள் பாவா? அனுப்ப மாட்டேன் என்று நீங்களே உங்கள் வாயால் அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள். இந்த வீட்டிலிருந்து ஒருவர் தூரத்தில் இருப்பதே எங்களுக்குப் போதும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ரஞ்சிதம்