மொழிபெயர்க்காத சாரி

இன்று சிங்கப்பூர் தேக்கா சந்தை வாசலில் ஓர் ஆளின் காலை மிதித்துவிட்டேன். மிதித்தது நான். "சாரிண்ணே" என்றது அவர். காலில் வேலை பூட்ஸ், கையில் பரோட்டாப் பொட்டலம், முகத்தில் உன்னுடைய அதே பதற்றம். நீ நினைவுக்கு வந்தாய்.

கப்பல் பட்டறையில் நாம் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை அதுதான். போர்மேன் தப்பான அளவு சொன்னாலும் சாரி சார். லாரி பின்னால் வந்து நம்மை உரசினாலும் சாரி சார். நான் முறைத்துக்கொண்டு நின்றால் கையைப் பிடித்து இழுத்துப் போவாய். "முதல்ல சாரி சொல்லிடணும் மாப்ள. யார் மேல தப்புன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்பாய்.

அன்று மாலை புக்கிட் பாத்தோக்கில் சாலையின் இடது ஓரமாக சைக்கிளில் நேரே போய்க்கொண்டிருந்தோம், நீ முன்னால், நான் பின்னால். நம்மைத் தாண்டிய கார் சிக்னல் போடாமல் உன் குறுக்கே இடப்பக்கம் திரும்பியது. ஓட்டியவர் இறங்கி முதலில் பம்பரைத் தடவிப் பார்த்தார். தாரில் கிடந்தபடி, வாயில் ரத்தத்தோடு, நீ அவரிடம் "சாரி சார், சாரி சார்" என்றாய். நான் கேட்ட உன் கடைசிப் பேச்சு அது. திறந்திருந்த கதவு வழியாகக் காரின் கேமராவிலும் அது பதிவாகியிருந்தது.

நீ இறந்தபின் உன் மனைவி நஷ்டஈடு கேட்டபோது, கார்க்காரரின் இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் தஞ்சோங் பகார் அலுவலகத்தில் என்னிடம் வாக்குமூலம் வாங்கினார். தப்பு செய்யாதவர் ஏன் மன்னிப்புக் கேட்டார் என்பதுதான் அவருடைய கேள்வி. நான் தமிழில் சொன்ன எல்லாவற்றையும் மொழிபெயர்க்க ஓர் ஆளை உட்காரவைத்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே விட்டார்கள். ஆங்கிலமாம், அவர்களுக்கே புரியுமாம். எங்கள் வாயில் அது ஆங்கிலம் இல்லை, 'என்னை ஊருக்கு அனுப்பிடாதீங்க' என்று அர்த்தம் என்றேன். மொழிபெயர்ப்பாளர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். வக்கீலின் பேனா அசையவில்லை.

சாரி சொன்னதாலேயே குற்றம் உன்னுடையதாகிவிடாது, ஆனால் வழக்கு இழுக்கும் என்றார் நம் வக்கீல். ஊரில் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் உன் மனைவி எவ்வளவு காலம் தாங்குவார்? தப்பில் பாதி உன்னுடையது என்ற சமரசத்தில் கையெழுத்துப் போட்டார். யார் மேல தப்புன்னு அப்புறம் பார்த்துவிட்டார்கள், மாப்ள.

இப்போதெல்லாம் பட்டறையில் நான் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. போர்மேன் கத்தினால், யார் தப்பு என்று முதலில் கேட்கிறேன். திமிர் பிடித்தவன் என்று பெயர். இருக்கட்டும்.

தேக்காவில் அந்த ஆளைப் போகவிடாமல் நிறுத்தினேன். "நீங்க ஏண்ணே சொல்றீங்க? மிதிச்சது நான். நான்தான் சாரி சொல்லணும்."

அவர் பயந்துபோய் இன்னொரு முறை சாரி சொன்னார்.