காக்ஸ் டவுன் வீட்டுக் கிணற்றை மூடக் கோரி

அனுப்புநர்:
ம. தியோடர், வக்கீல் குமாஸ்தா,
காக்ஸ் டவுன், பெங்களூர் கண்டோன்மெண்ட்.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
பெங்களூர் கண்டோன்மெண்ட்.

பொருள்: வீட்டை விற்றவர் கிணற்று நீர் கெட்டதென்பதை மறைத்தது, கிணற்றை உடனே மூடும்படி வேண்டுவது.

மேன்மை தங்கிய ஐயா,

1. சென்ற ஜனவரியில் என் திருச்சபையைச் சேர்ந்த திரு. ஓஸ்வால்டிடம் இவ்வீட்டை வாங்கினேன். பத்திரம் சரிபார்ப்பதே என் உத்தியோகம். வில்லங்கம், பாகம், கூரை, கறையான் எல்லாவற்றுக்கும் அவரிடம் எழுத்தில் பதில் வாங்கினேன். கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை. அடியில் கிடந்த செம்பு தெரியுமளவு தண்ணீர் தெளிந்திருந்தது.

2. வீடு பார்க்கச் சென்ற அன்று அவர் மனைவி மௌரீன் அம்மாள் தம் கையாலேயே நீர் இறைத்து, என் ஆறு வயது மகள் டோரீனுக்குக் கொடுத்தார். "குடிம்மா, சக்கரை மாதிரி இருக்கும்" என்றார். அவர்கள் குடித்ததெல்லாம் தெருக்குழாய்த் தண்ணீர் என்று அண்டை வீட்டார் பிற்பாடு சொன்னார்கள்.

3. ஜூனில் டோரீனுக்கு விஷஜுரம் கண்டது. காய்ச்சிய நீர் வேண்டாமென்று அழுவாள். மனம் பொறாமல் என் மனைவி கிணற்றிலிருந்து புதிதாக இறைத்துக் கொடுப்பாள். பத்தொன்பதாம் நாள் குழந்தை இறந்தது. சவப்பெட்டியின் ஒரு முனையைத் திரு. ஓஸ்வால்ட் தாங்கி வந்தார்.

4. பிறகு தங்கள் இன்ஸ்பெக்டர் வந்து, "மூடச் சொல்லி நோட்டீஸ் குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சே, ஏன்யா இன்னும் மூடல?" என்று என்னைக் கடிந்தார். கிணற்றுக்கு ஆறடியில் பழைய கக்கூஸ் குழி இருப்பதும், அதை மறைத்துத் துவைகல் பதித்திருப்பதும் அன்றுதான் தெரிந்தது.

5. திரு. ஓஸ்வால்டிடம் போனேன். அவர் மறுக்கவில்லை. "நீங்க கேட்டதுக்கெல்லாம் எழுதிக் குடுத்தேனே, தியோடர். கேக்காததுக்கு நான் எப்படிப் பதில் சொல்றது? பேசாம நீங்களும் வித்துடுங்க" என்றார். காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

6. இனி ஒரு மாதமும் இங்கே இருக்க முடியாது என்கிறாள் என் மனைவி. ஆகையால் சேஷகிரி என்ற பள்ளி ஆசிரியர், இரண்டு குழந்தைகளுடன், வருகிற ஞாயிறன்று வீடு பார்க்க வருகிறார். உள்ளதை அவருக்கு எழுதிவிட மூன்று நாளாகப் பேனாவை எடுக்கிறேன், எழுதவில்லை.

எனவே சனிக்கிழமைக்குள் ஆட்களை அனுப்பிக் கிணற்றைத் தூர்த்து, வாசலில் அறிவிப்புப் பலகை ஒன்றும் அடிக்க உத்தரவிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வருகிறவரிடம் நானே சொல்லிவிடுவேன் என்று நம்பித் தாங்கள் தாமதிக்க வேண்டாம்.

இடம்: காக்ஸ் டவுன்
தேதி: 11-8-1926

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ம. தியோடர்