உப்புப் பாறை

கொழிஞ்சாம்பாறை
6.2.1955

அன்புள்ள மாமாவுக்கு,

கமலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் இருமலைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீங்கள் பனியைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறீர்கள். இருமல் எப்படி இருக்கிறது?

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது பேசிவிடுகிறேன். ஆசிரியர் அறையில்தான் இன்னும் வாய் வரவில்லை.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் மலைப்பாறையில் வரையாடுகள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன என்று எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காலேஜில் நான் பார்த்தது சுவரில் மாட்டிய ஒரு தலை, கண்ணாடிக் கண்களோடு. சுட்டுச் சுட்டு, இந்த மலைகளில்தான் கொஞ்சம் மிச்சம் என்றார்கள். உயிரோடு ஒன்றையாவது பார்க்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். "ஏங்கண்ணு, நம்ம பட்டியில இல்லாத ஆடா? ஊட்டுக்காரரைப் பாக்கோணும்னு சொல்றதுக்கு ஆட்டை எதுக்கு இழுக்கறே?" என்று சிரித்தார். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

லீவு விட்டதும் வரலாமா?

உங்கள்
கமலாத்தாள்

சூரியநெல்லி
27.2.1955

அன்புள்ள கமலாவுக்கு,

இருமல் போய்விட்டது. வரலாமா என்று கேட்காதே, வா. கல்யாணமாகி நாம் ஒரே வீட்டில் இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான். உனக்கென்று அடுப்பங்கரைக்குப் புது ஜன்னல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் செய்கிறேன். மாட்டுக்கு வைக்கும் கல்லுப்பைக் கீழ்ப்பாறையில் தினமும் தூவி வருகிறேன். மலையில் அவற்றுக்கு உப்புக்குப் பஞ்சம். முதலில் ஒரு தாயாடு குட்டியோடு வந்தது. இப்போது கூட்டமே இறங்குகிறது. நான் பக்கத்தில் நின்றாலும் ஓடுவதில்லை. எஸ்டேட் காவல்காரர் பெரியமுத்துவுக்கு ஒரே கேலி. "என்ன கணக்கப்பிள்ளை, ஆட்டுக்கே இந்த விருந்துன்னா, அந்தம்மா வந்தா தோட்டத்தையே எழுதிக் குடுத்துருவீரு போலயே!" என்கிறார்.

நீ ஏறி அலைய வேண்டாம். ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

உன்
ஆறுச்சாமி

கொழிஞ்சாம்பாறை
10.3.1955

அன்புள்ள மாமாவுக்கு,

படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பயம் வந்துவிட்டது. உப்பு வைப்பதை நிறுத்திவிடுங்கள், மாமா. உங்களுக்குப் புத்தி சொல்ல நேரில் எனக்குத் தைரியம் வராது. கடிதம் என்பதால் எழுதுகிறேன்.

புது ஆள் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன் என்று கேலி செய்வீர்களே, அதனால் எனக்கு அந்த ஆடுகளைப் புரிகிறது. கொம்பைவிட அவற்றுக்குப் பயம்தான் காவல். உங்களைக் கண்டு ஓடாதது துப்பாக்கிக்காரனைக் கண்டும் நிற்கும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதற்கு என்ன தெரியும்? நான் மலையேறி வந்து தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கமலா

சூரியநெல்லி
5.4.1955

கமலா,

உன் கடிதம் வந்த அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நீ வரும்வரைதானே என்று தூவிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை துரை பங்களாவுக்கு ஜீப்பில் விருந்தாளிகள் வந்தார்கள். கிழட்டுக் கிடாவைத்தான் சுடலாம் என்பது இங்கே சட்டம். அதையும் பொழுதெல்லாம் மேலே ஏறித் தேடினால்தான் கிடைக்கும். இந்தத் தடவை யாரும் ஏறவே இல்லை. வெடிச்சத்தம் கேட்டுக் கீழ்ப்பாறைக்கு ஓடினேன். முதல் குண்டுக்கு ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தபடி நின்றிருக்கின்றன. கிடா எது, தாய் எது என்று யாரும் பார்க்கவில்லை. குட்டியோடு முதலில் வந்ததே, அந்தத் தாயாடும் செத்துக் கிடந்தது.

பெரியமுத்து இன்று கேலி பேசவில்லை. "போனது போச்சுய்யா. மிச்சம் இருக்கறதும் இனி எவன் வந்தாலும் நிக்குமே, அதுக்கு என்ன செய்யப் போறீரு?" என்றார்.

நீ வருவாயா?

ஆறுச்சாமி

கொழிஞ்சாம்பாறை
12.4.1955

மாமாவுக்கு,

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் என்னைப் பார்க்கும் ஆசையில் செய்தீர்கள். பிறகு நான் யாரைத் திட்டுவது?

மிச்சமிருப்பவை மறுபடியும் மனிதனுக்குப் பயப்பட வேண்டும். பாறையைக் கழுவிவிடுங்கள். தினமும் போய்க் கத்துங்கள். மேலே படாமல் கல் எறியுங்கள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்று நீங்கள் எழுதும் நாளில் பஸ் ஏறுகிறேன். அதுவரை வர மாட்டேன். பெட்டி கட்டித்தான் இருக்கிறது. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலிலேயே நிற்கிறேன், பார்ப்பவர்கள் என்ன நினைத்தாலும் சரி.

கமலா

சூரியநெல்லி
1.5.1955

அன்புள்ள கமலாவுக்கு,

பாறையைக் கழுவினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். பெரிய ஆடுகள் மேலே போய்விட்டன. அந்தத் தாயில்லாக் குட்டி மட்டும் போகவில்லை.

இன்று கல் எறிந்தேன். கல் விழுந்த இடத்துக்கு வந்து, அதை நக்கிப் பார்த்தது. அதற்குமேல் எனக்குக் கை எழவில்லை.

ஒன்றுகூட இல்லை என்று பொய்யாக எழுதிவிடலாமா என்று நினைத்தேன். உனக்கு அப்படி எழுத வரவில்லை.

உன்
ஆறுச்சாமி

கொழிஞ்சாம்பாறை
8.5.1955

அன்புள்ள மாமாவுக்கு,

வரும் சனிக்கிழமை போடி வழியாக வந்து சேருவேன். அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறார்.

இங்கே உட்கார்ந்து எறியச் சொல்வது எளிதாக இருந்தது. உங்களால் முடியாது. குட்டிக்கு உங்களைத் தெரியும். என்னைத் தெரியாது. எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது; இருந்தாலும் முதல் நாளே எறிவேன். மேலே பட்டாலும் எறிவேன். அது ஓடும்வரை, லீவு முடியும்வரை, தினமும்.

அந்த நேரத்தில் நீங்கள் வெளியே வர வேண்டாம். அது திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணக்கூடாது.

உங்கள்
கமலா