ஐம்பத்தைந்து நிமிடம்

பாப்பா அம்மாவுக்கு,

முறைக்காமல் முழுசாகப் படி. நேற்று உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னது தப்புதான். "முந்நூத்தம்பது கிலோமீட்டர அம்பத்தஞ்சு நிமிசத்துல போறது மனுசன் போற போக்கா?" என்று கேட்டாயே, அப்போது நான் சிரித்திருக்கக் கூடாது.

ஆனால் பாப்பாவின் புகுந்த ஊருக்கு, மலையைச் சுற்றிப் போகும் பஸ்ஸில் பத்து மணி நேரம். பாப்பாவுக்குப் பிரசவ வலி எடுத்தால் அதுவரை தாங்குமா? விமானத்தில் போனால், நீ துணி துவைத்துக் காயப்போடும் நேரம்தான். பதினோரு வருடமாக அதில் பெட்டி ஏற்றுகிறேன். போனது திரும்பி வராத நாளே இல்லை.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், வெறும் வயிற்றோடு கிளம்பாதே. விமான நிலையத்துக்குக் கூட்டிவர இரண்டு மணிக்கு வண்டி வரும். சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடு.

உன் பெட்டியில் என் சிவப்புத் துண்டைக் கட்டியிருக்கிறேன். அதைப் பார்த்தால் நீ வந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். கடைசியாக ஏற்றுவேன், அங்கே முதலில் இறங்கும்.

இன்னும் ஒன்று. ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கியிருக்கிறேன். கிளம்பும்போது கீழே பெட்டி வண்டி பக்கத்தில் நிற்பேன். நீ கை காட்டினால் எனக்குத் தெரியாது. இருந்தாலும் காட்டு.